அறுபது கிலோ

பேர் கேட்கமாட்டாள். ஊர் கேட்கமாட்டாள். புதிதாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால், அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "எத்தனை கிலோ?" என்பதுதான். சைக்கிளின் எடையை அல்ல, ஆளின் எடையை. ஆண் பெண், சின்னவர் பெரியவர், தமிழர் சீனர் மலாய்க்காரர் என்ற பேதமெல்லாம் அவளிடம் கிடையாது. கேட்டுவிட்டு, பம்பைப் பிடித்தபடி குனிந்து நிற்பாள். பதில் சொன்னால்தான் காற்று.

அவள் பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் குளுவாங் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும், அவள் புருஷனுக்கும் தெரிந்துவிடும். அந்த மனுஷன் இதைப் படிக்கக் கூடாது.

அவள் செத்து மூன்று வருஷமாகிறது. நோய் அவளை உள்ளே தின்றுகொண்டிருந்த மாதங்களிலும் சனிக்கிழமை தவறாமல் நாங்கள் அவளோடு சைக்கிள் ஓட்டினோம். அவள் உடம்பு குறைவது வாராவாரம் ஓர் எண்ணாக எங்கள் காதில் விழுந்தது. அந்த எண்ணுக்குக் காற்று அடித்துக் கொடுத்தவள் நான். அவளை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குத் துரத்தியிருக்கக்கூடியவளும் நான்தான். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

காஹாங் போகும் வழியில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவளுக்கு வேலை. குலை ஏற்றி வரும் லோரிகளை எடைமேடையில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். அங்கே எல்லாருக்கும் அது 'டிம்பாங்'. லோரி உள்ளே திரும்பும்போதே டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்து, எத்தனை டன் என்று சொல்லிவிடுவாள். பிறகுதான் மெஷினைப் பார்ப்பாள். பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும். தப்பினால் அன்று முழுவதும் முகம் சரியாக இருக்காது.

மனிதர்களிடமும் இதே பழக்கம். ஒரு தைப்பூசத்தில் நானும் அவளும் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். பெரிய காவடி எடுத்து ஒருவர் ஆடி வருகிறார். பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். இவள் என் காதில் சொல்கிறாள்: "காவடி ஒரு பதினெட்டு. ஆளு எண்பத்தொன்னு. மொத்தம் தொண்ணூத்தொம்பது. பாவம், அவரு காலுக்கு யாரு காத்து அடிச்சி விடுறது?" சாமி முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவளை நான் முதலில் பார்த்தது ஊர் எல்லையில் பெட்ரோல் போடும் ஓர் எண்ணெய் நிலையத்தில். சனிக்கிழமை காலையில் அங்கே ஏழெட்டுப் பேர் கூடி, காஹாங் வரை ஓட்டிப் போய், ரொட்டி சானாய் சாப்பிட்டுத் திரும்புவார்கள். எனக்கு நாற்பத்து நான்கு வயது. சர்க்கரை வரப்போகிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால், சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவரிடம் பழைய ரோடு பைக் ஒன்று வாங்கியிருந்தேன். அவளுக்கும் என் வயதுதான்.

"எத்தனை கிலோ?" என்றாள்.

சுற்றி நான்கு ஆண்கள் நிற்கிறார்கள். "அறுபத்தெட்டு" என்றேன்.

என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து காற்று அடித்தாள். காஹாங் போய் உட்கார்ந்த பிறகு கேட்டேன், எனக்கு எவ்வளவு காற்றழுத்தம் வைத்தாய் என்று.

"பின்னால தொண்ணூத்தேழு."

"அறுபத்தெட்டு கிலோவுக்கு அவ்வளவா?"

"எழுபத்தெட்டுக்கு அவ்வளவுதான்" என்றாள் டீயை ஆற்றிக்கொண்டே. "நீ சொன்ன கணக்குக்கு அடிச்சிருந்தா முதல் பள்ளத்துலயே டியூப் போயிருக்கும். உன் மானத்த காப்பாத்தறதா, டியூப காப்பாத்தறதான்னு பாத்தேன்."

சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எழுபத்தெட்டு என்பது இம்மி பிசகாத உண்மை.

அவள் கட்சி இதுதான். டயரில் காற்று குறைந்தால், பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதற்குப் பயந்து கல்லாக அடித்தால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு பொடிக்கல்லும் முதுகில் வந்து இடிக்கும், ஈரத்தில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொருவருக்கும் சரியான எண் ஒன்று உண்டு. அது அவரவர் எடையில் இருக்கிறது. எடையை மறைக்கிறவன் ரோட்டில் விழுவான்.

போன் கடை வைத்திருக்கும் அஸ்மான்தான் இதற்கு முதல் எதிரி. டயரின் ஓரத்தில் நூற்றிருபது என்று அச்சடித்திருக்கிறதே, அதைவிடப் படித்தவளா நீ என்று கேட்டு, நூற்றிருபது அடிப்பான். ஒரு மழை நாளில் வளைவில் சறுக்கி விழுந்தான். முழங்கையில் ரத்தம். இவள் ஓடிப் போய் முதலில் அவன் டயரைத்தான் அமுக்கிப் பார்த்தாள். பிறகு மலாயில் அவனுக்குக் கிடைத்த அர்ச்சனை, தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "டயர்ல எழுதியிருக்கிறது கம்பெனிக்காரன் தன்னக் காப்பாத்திக்கறதுக்கு. நீ எத்தனை கிலோன்னு அவனுக்கு எப்படிடா தெரியும்?" அதன் பிறகு அஸ்மானும் எடை சொல்ல ஆரம்பித்தான்.

மற்றவர்களுக்கெல்லாம் அவள் அடிப்பாள். அவளுக்கு மட்டும் நான் அடிக்க வேண்டும். தனக்குத்தானே அடித்தால் கை சலித்து இரண்டு குறைத்துவிடுவோம், அடுத்தவர் அடித்தால்தான் நியாயமாக இருக்கும் என்பாள். அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் வேலை. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கியூசி, அதாவது தரம் பார்ப்பவள். மயிரிழைக் கோடு இருந்தாலும் சாமானைத் தூக்கித் தள்ளிவிடுவேன். யார் முகத்துக்கும் பயப்படமாட்டேன். கல்யாணப் புடைவை நன்றாக இல்லையென்றால் கல்யாணப் பெண்ணிடமே சொல்லிவிடுகிற வாய். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'கியூசி'தான். "கியூசி சொன்னா சரியா இருக்கும் லா" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அவள் அறுபது கிலோ. பின் டயருக்கு எண்பத்தைந்து. மூன்று வருஷம் அந்த எண் மாறவே இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, "எண்பத்திரண்டு போதும்" என்றாள்.

"ஏன்?"

"ரோடு கெட்டுப் போச்சு. கை அதிருது."

லோரி ஓடுகிற ரோடு, கெட்டுத்தான் போகும். அடித்தேன். இரண்டு வாரம் கழித்து எண்பது. அப்புறம் எழுபத்தேழு. ஒவ்வொரு தடவையும் ரோட்டைத்தான் திட்டினாள். "போன வருஷம் இப்படி இல்ல பாரு. பின்னால ஒரே இடி. எலும்புல வந்து இறங்குது." எங்களுக்கு அதே ரோடு அதே மாதிரிதான் இருந்தது. உடம்பு லேசானால் அதே காற்று கல்லாகத் தெரியும். இந்தப் பாடத்தை எங்களுக்குச் சொன்னவளே அவள்தான். தன் உடம்பென்று வந்தபோது ரோட்டின் மேல் பழியைப் போட்டாள்.

எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், அந்தச் சமயத்தில் சைக்கிள்காரர்களிடம் ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருந்தது. காற்றைக் குறை, குறைத்தால்தான் வேகம் என்று இணையத்தில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நூற்றிருபது அஸ்மான் இப்போது தலைகீழாக மாறி, எழுபது போதும் என்று அடம்பிடித்தான். உன் உடம்புக்கு அது தாங்காது என்று அவள் மறுத்து வந்தாள். அதனால் அவள் எண் இறங்க இறங்க, அவனுக்கு வெற்றிக் கொண்டாட்டம். "பார், கடைசியில் என் கட்சிக்கு வந்துவிட்டாள்!" என்று ரொட்டிக் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். நானும் குடித்தேன். நானும் கிண்டல் செய்தேன்.

ஒன்றை மட்டும் யோசித்திருக்கலாம். அவ்வளவு குறைந்த காற்றில் அந்தப் பள்ளங்களில் இறங்கினால் அறுபது கிலோ ஆளுக்கு டியூப் கடிபட்டிருக்க வேண்டும். அவளுக்கு ஒரு தடவைகூடக் கடிபடவில்லை. தரம் பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை.

தோன்றவில்லை என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மையில்லை.

அவள் மெலிந்தது எல்லாருக்கும் தெரிந்தது. மறைக்கிற விஷயமா அது? சட்டை தோளிலிருந்து தொங்கியது. காஹாங் மேட்டில் எங்களையெல்லாம் விட்டுவிட்டு முன்னால் ஏறிப் போனாள். "டா குருஸ் லா நீ!" என்று அஸ்மான் கத்துவான், மெலிந்துவிட்டாயே என்று. ஆலையில் பெண்கள் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்களாம். மெலிவது என்றால் எங்கள் கூட்டத்தில் பரிசு வாங்கின மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. இரண்டு வருஷமாக ராத்திரி சோறு தொடவில்லை. சனிக்கிழமை தவறாமல் மிதிக்கிறேன். எழுபத்தெட்டு எழுபத்தெட்டாகவே இருக்கிறது. இவள் என் கண் முன்னால் ரொட்டியைக் கறியில் முக்கிப் பாதியை வைத்துவிட்டு, "பசிக்கல லா" என்கிறாள். அந்தப் 'பசிக்கல'வைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். பொறாமைப்பட்டேன்.

அவளுடைய பின் டயர் எழுபத்திரண்டுக்கு வந்த சனிக்கிழமை அது. காஹாங்கில் மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் மேசையில்.

"ஏய் கியூசி, ஒண்ணு கேக்கணும். வீட்டு மெஷின்ல ஏறினா அம்பத்தொன்னு காட்டுது. அது வெறும் சீனா மெஷின், டைல்ஸ்ல வச்சா ஒண்ணு, சிமெண்டுல வச்சா ஒண்ணு. அதனால நேத்து டிம்பாங்ல ஏறி நின்னேன். அறுபதுன்னு காட்டுச்சு. எதடி நம்பறது?"

லோரி மெஷின் இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். ஐம்பதைத் தாண்டினால் எல்லாம் அதற்கு அறுபதுதான். ஐம்பத்தொன்றும் அறுபது, அறுபத்தொன்பதும் அறுபது. முப்பது டன் நிறுக்கிற மெஷினில் ஒரு மனுஷி ஏறி நின்று உடம்பைப் பார்க்க முடியாது. அளவுகோலைப் பற்றிய முதல் பாடமே அதுதான். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், பத்தொன்பது வருஷமாக அதோடு உட்கார்ந்திருக்கிறவள். ஆனால் அந்த மெஷினைத் தவிர வேறு எதையும் அவள் நம்பிப் பழகவில்லை.

"நீதான் ஊருக்கெல்லாம் கண்ணால பாத்தே சொல்றியே?" என்றேன்.

"அடுத்தவங்கள சொல்லிடுவேன். என்னயே நான் எப்படிப் பாக்கறது? கண்ணாடியில தெனம் பாக்கற மொகம்." எழுந்து நின்றாள். கைகளை இரண்டு பக்கமும் விரித்தாள். "நீ சொல்லு. மத்தவங்க சும்மா வாய்க்கு வந்தத சொல்லுவாங்க. நீ பாத்து சொல்லு."

பார்த்தேன். கழுத்துக்குக் கீழே இரண்டு எலும்பு எழும்பி நின்றது. மணிக்கட்டில் கடிகாரம் முழங்கை வரை வழுக்கி ஏறியது. வீட்டு மெஷின் காட்டிய ஐம்பத்தொன்றுதான் சரி என்று எனக்குப் பட்டது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதையும் பார்த்தேன். ஆனாலும் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: அஸ்மான் சொல்லியாயிற்று, ஆலையே சொல்லியாயிற்று, நானும் என் வாயால் சொல்ல வேண்டுமா? அந்தச் சந்தோஷத்தை நான் தரமாட்டேன்.

"அறுபதுதான்" என்றேன். "ஒண்ணும் எளைக்கல. சட்டதான் பெருசு."

கைகளை இறக்கினாள். "நெசமா?"

"நான் என்ன உன்ன ஏமாத்தவா போறேன்?"

"அப்ப சரி" என்று உட்கார்ந்தாள். வைத்திருந்த பாதி ரொட்டியை எடுத்து, மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் உற்சாகமாக மிதித்தேன்.

அதற்குப் பிறகு பத்து வாரம் ஓட்டினாள். எழுபது, அறுபத்தெட்டு. கடைசிச் சனிக்கிழமை எண்ணெய் நிலையத்துக்கு வந்து சைக்கிளைக் காரிலிருந்து இறக்க முடியாமல் நின்றாள். அஸ்மான் உதவப் போனவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். கண் இரண்டும் மஞ்சள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு நாளில் ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். வயிற்றில் கட்டி, ஈரலுக்குப் பரவிவிட்டது, முன்னாலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்களாம். ஆஸ்பத்திரியில் இப்படிச் சொல்வது வழக்கம்தான் என்று அஸ்மான் என்னைத் தேற்றினான். என்னை எதற்குத் தேற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது.

வார்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழி முழுக்கப் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். படுக்கையில் ஒரு சின்னப் பெண் மாதிரி கிடந்தாள். என்னைக் கண்டதும், "நீ எழுபத்தாறு ஆயிட்டே" என்றாள்.

"அன்னைக்கு காஹாங்ல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"டிம்பாங் நாப்பது காட்டிருச்சு டி" என்றாள் அவள், நான் பேசுவதைக் கவனிக்காமல். "ஒரே நாள்ல. அறுபது அறுபதுன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு நாப்பது. மெஷின் கெட்டுப் போச்சுன்னு டெக்னீஷியனக் கூப்புட்டேன்." சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். எழுந்து வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவளுக்குப் பேச்சு இல்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை அவளே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் பள்ளி பஸ் ஓட்டுபவர். அதிகம் பேசாதவர். மனைவி சனிக்கிழமை எங்கே போகிறாள், என்ன ஓட்டுகிறாள் என்று ஒருநாளும் கேட்காமல், சைக்கிளைத் துடைத்து மட்டும் வைப்பாராம். வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, சமையலறை வாசலில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

"தங்கச்சி, உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

"எதுக்கு அண்ணே?"

"அவளுக்கு வயிறு வலின்னு கிளினிக் போனோம். எடை கொறஞ்சிருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுங்கன்னு லெட்டர் குடுத்தாங்க. செவ்வாக்கெழம தேதி. ரெண்டு பேருக்கும் ரொம்பப் பயம். சாப்பாடு எறங்கல. அப்புறம் அந்த சனிக்கெழம உங்களோட சைக்கிள் ஓட்டிட்டு வந்தா பாருங்க, மொகமே வேற மாதிரி. 'ஏங்க, நான் எளைக்கவே இல்லயாம். கியூசி பாத்து சொல்லிட்டா. கிளினிக் மெஷினும் நம்ம வீட்டு மெஷின் மாதிரிதான் போல'ன்னு ஒரே சிரிப்பு. லெட்டர எங்க வச்சான்னுகூட தெரியல. அந்த ரெண்டு மாசம் நிம்மதியா இருந்தா. அதுக்குத்தான் நன்றி."

என் கையில் ஒரு சில்வர் தட்டு இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

அவர் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. பல நாள் தூங்காத கண்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார். "பக்கத்துலயே படுத்திருந்தவன் நான். இவ்வளவு எளைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல? நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோன்னு மனசு அடிச்சிக்குது. ஆனா உங்க கண்ணுக்கே தெரியலன்னா, அது யாருக்கும் தெரியாமத்தான் வந்திருக்கும். அப்படித்தானே? நெசமாவே அவ எளைக்கலதானே தங்கச்சி?"

உண்மையைச் சொன்னால் அவள் எப்படிச் செத்தாள் என்று இந்த மனுஷனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, இவர் ஆயுசுக்கும் என்னைச் சபிக்கலாம். அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் தன்னையும் சபித்துக்கொள்வார். லெட்டரைத் தேடாமல் விட்டேனே, கையைப் பிடித்துக் கூட்டிப் போகவில்லையே என்று. இதையெல்லாம் அவருக்காகத்தான் யோசித்தேனா, எனக்காக யோசித்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எளைக்கல அண்ணே" என்றேன். "அறுபதுதான் இருந்தா."